கணக்குப் பரிசோதகர் யாருடைய ஊழியர்?

பிறர் பொருளைக் கையாள்வோர் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவராவர். அக்கணக்கு மெய்யோ பொய்யோ என ஆராய்தற்கு மூன்றாமவர் ஒருவர் வேண்டும். கம்பெனிகளில் அம்மூன்றாமவரே ஆடிட்டர் எனப்படும் கணக்குப் பரிசோதகர். முதலிட்டவர் பங்குதாரர், அம்முதலை ஆள்வோர் டைரக்டர்கள், ஆள்வோர் காட்டுங் கணக்கை முதலிட்டவர் பொருட்டுச் சோதிப்பவர் ஆடிட்டர். ஆதலின் அவர் பங்குதாரரின் ஊழியரேயன்றி டைரக்டர்களின் ஊழியரல்லர். இவ்வுண்மை சட்டத்தில் உளது. நடைமுறையிலும் உளதோ என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

பெரும்பாலும் ஆடிட்டரின் பெயரைப் பொதுக்கூட்டத்தின்முன் வைப்போர் டைரக்டர்கள். பங்குதாரர் அதனை ஏற்றல் ஒரு சடங்காகவே முடிகிறது. ஊதியத்தையேனும் பங்குதாரர் வரையறுக்கின்றனரோவெனின், அவ்வதிகாரத்தையும் டைரக்டர்களுக்கே விட்டுவிடுந் தீர்மானங்கள் மலிந்துள்ளன. சோதிக்கப்படுவோரே சோதிப்போரைத் தெரிந்து, கூலியும் பேசி முடிப்பாராயின், அச்சோதனை எங்ஙனம் கடுமையுடையதாகும்?

இதன் விளைவை உலகம் கண்டுளது. அமெரிக்க நாட்டு என்ரான் கம்பெனி, 2000ஆம் ஆண்டில், ஆர்தர் ஆண்டர்சன் நிறுவனத்திற்குக் கணக்குப் பரிசோதனைக்கென ஏறத்தாழ 2 கோடியே 50 லட்சம் டாலரும், ஆலோசனை முதலிய பிற வேலைகளுக்கென ஏறத்தாழ 2 கோடியே 70 லட்சம் டாலரும் அளித்தது. மறு ஆண்டு டிசம்பரில் அக்கம்பெனி முறிந்தது. நம் நாட்டிலோ, ஐதராபாத்துச் சத்தியம் கம்பெனியின் தலைவர், ஏட்டிற் காட்டிய ரொக்கத்திலும் பாங்கு இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லாத பணமெனத் தாமே 2009 ஜனவரி 7-ல் எழுதி வெளியிட்டார். அக்கணக்கு ஆண்டுதோறும் ஆடிட்டர் கையொப்பம் பெற்று வந்த கணக்கேயாம்.

பின்னர் எழுந்த 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் வேலிகள் பல கோலிற்று. பங்குச் சந்தையிற் பதிவுபெற்ற கம்பெனியில் ஓர் ஆடிட்டர் நிறுவனம் தொடர்ந்து 10 ஆண்டுகட்குமேல் இருத்தலாகாது. தான் சோதிக்குங் கம்பெனிக்கே கணக்கெழுதுதல் முதலிய பணிகளை அது செய்தலாகாது. தவணை முடியுமுன் அதனை விலக்க மத்திய அரசாங்கத்தின் அனுமதியும் பங்குதாரரின் விசேடத் தீர்மானமும் வேண்டும். சார்பற்ற டைரக்டர்கள் பெரும்பான்மையாயுள்ள தணிக்கைக் குழு, ஆடிட்டரையும் அவரது ஊதியத்தையும் பரிந்துரைக்கும். ஆடிட்டர்களையே கண்காணிக்க ஓர் ஆணையமும் 2018-ல் அமைந்தது.

அரசாங்கமே எல்லா ஆடிட்டர்களையும் நியமித்தால் என்னையெனச் சிலர் வினவுவர். அரசாங்கக் கம்பெனிகளுக்கு நாட்டின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரே ஆடிட்டரை நியமிக்கின்றார். ஆங்கு முதலிட்டது பொதுமக்கள் பணம். ஆதலின் அது முறையே. ஏனைய கம்பெனிகளில் முதலிட்டவர் பங்குதாரர். அவர் செய்ய வேண்டுவதை அரசாங்கத்தின் தலையிற் சுமத்துதல் தங்கடமையைக் கைவிடுதலேயாம்.

எருசலேமின் ஏழைகளுக்கெனத் திரட்டிய தருமப் பணத்தைப் பவுல் அப்போஸ்தலர் தனித்துக் கொண்டு சென்றாரல்லர். சபைகள் தெரிந்தெடுத்த சகோதரன் ஒருவனும் உடன் சென்றான் என்பதைக் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்திற் காண்கிறோம். அவனைத் தெரிந்தவர் பணத்தைக் கொடுத்தோரே. அப்போஸ்தலரும் அதனை இழிவெனக் கருதாது, பழிவராமற் காக்குங் காப்பெனவே கொண்டார். நேர்மையுள்ள டைரக்டர்களும் அவ்வாறே கொள்வர்.

நம் மாணவருட் பலர் நாளை பங்குதாரராவர். சிலர் டைரக்டராகவும் ஆடிட்டராகவும் ஆதல் கூடும். குறைந்த கூலிக்கு ஆடிட்டர் கிடைத்தாரென மகிழ்தல் பேதைமை. கூலி குறையின் சோதிக்கும் நாளும் குறையும். பொதுக்கூட்டத்தில் மூன்று வினாக்களைக் கேட்க அஞ்சற்க: இவரைத் தெரிந்தெடுத்தவர் யார்? பரிசோதனைக்கு எவ்வளவு, பிற வேலைக்கு எவ்வளவு கொடுத்தீர்? அவர் உம்மோடு மாறுபட்ட இடம் யாது? இவற்றைக் கேட்பார் இல்லாதவிடத்துச் சட்டத்தின் வேலி எத்துணை உயரமாயினும் பயிர் காவாது.