பழைய மிக்ஸரும் புதிய டேப்லெட்டும்

புதியதொரு கருவி தோன்றியவுடன் அதற்கு முன்னிருந்த கருவி பயனற்றுப்போயிற்றென்று முடிவு கட்டிவிடுதல் மக்கட்கு இயல்பு. காகிதமும் பேனாவும் வந்தபின் ஓலையும் எழுத்தாணியும் போயின. மின்விளக்கு வந்தபின் மண்ணெண்ணெய் விளக்குப் போயிற்று. இவை போனமைக்கு வருந்துவார் இலர். என்னை? பின்வந்தது முன்னையதன் தொழிலை முழுவதும் ஏற்றுக்கொண்டமையின் என்க. ஆயின், பின்வந்தது முன்னையதன் தொழிலுள் ஒரு பகுதியையே ஏற்றுக்கொண்டவிடத்தும், முழுவதையும் ஏற்றுக்கொண்டதாக மயங்கி, முன்னையதைக் குப்பையில் எறிந்துவிடுவாரும் உளர். இம்மயக்கத்திற்கு இக்காலத்தில் இலக்காகியிருப்பது மிக்ஸர் என்னும் ஒலிக்கலவைப் பொறியாகும்.

டேப்லெட் என்னும் பலகைக் கணினி ஒன்று கையிலிருப்பின் பாட்டும் பேச்சும் வீட்டிலேயே பதிவு செய்துகொள்ளலாமே, கனத்த பழைய மிக்ஸர் எதற்கு என்று பலரும் வினவுகின்றனர். பாடகர் குழுக்களிலும் மன்றங்களிலும் பல்லாண்டுகள் உழைத்த பொறிகள் பழைய இரும்பு விலைக்குப் போகின்றன. இவ்விரண்டும் ஒன்றற்கொன்று துணையாவன என்பதும், கைப்பொருள் குறைந்த மாணாக்கர்க்கு இவற்றின் கூட்டு பெரும்பயன் தரும் என்பதும் எம் துணிபு. அதனை ஈண்டு ஒருவாறு விளக்குவாம்.

முதற்கண் மிக்ஸர் செய்யுந் தொழில் யாதெனக் காண்போம். மைக்கிலிருந்து வரும் மின்னழுத்தம் மிக நுண்ணியது. ஒரு வோல்ட்டை ஆயிரங் கூறிட்டால் அக்கூறுகளுள் சிலவே அதன் அளவாம். அதனை வேண்டுமளவு உயர்த்துவது ஒவ்வொரு வாயிலின் தலைப்பிலும் உள்ள கெயின் என்னும் திருகு. அதன்கீழ்க் கனத்த ஒலியையும் கூரிய ஒலியையும் கூட்டவும் குறைக்கவும் உதவுந் திருகுகளும், ஒலியை இடப்பக்கமோ வலப்பக்கமோ செலுத்தும் பான் திருகும், அடியில் ஃபேடரும் அமைந்துள்ளன. மைக்கின் வடத்தில் மூன்று கம்பிகள் உண்டு. ஒன்று நிலத்தொடர்புடையது, மற்றை இரண்டனுள் ஒன்றில் ஒலி நேராகவும் மற்றொன்றில் தலைகீழாகவும் செல்லும். வழியிற் புகும் இரைச்சலோ இரண்டிலும் ஒரேவகையாகப் படியும். மிக்ஸர் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கவே, இரைச்சல் அற்றுப்போக, ஒலி மட்டும் எஞ்சி நிற்கும். மேலும், கண்டென்ஸர் வகை மைக்குகள் இயங்குதற்கு வேண்டும் 48 வோல்ட்டையும் மிக்ஸரே பெரும்பாலும் அளிக்கின்றது. இவற்றை டேப்லெட் தானே செய்யவல்லதன்று.

இனி, டேப்லெட்டின் திறம் வேறு. அலையாக வரும் ஒலியை எண்களாக்கி நினைவில் வைப்பது அது. ஒரு வினாடியில் 48,000 முறை ஒலி அளக்கப்படும். ஒவ்வோர் அளவும் 24 பிட் உடையதாயின், அவ்வளவு 1,67,77,216 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்படும். மாந்தர் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 வரையுள்ள அதிர்வுகளையே உணரும். ஓரதிர்வைக் குறித்தற்கு இரண்டின் மிக்க அளவுகள் வேண்டுமாதலின், 48,000 என்பது போதிய தொகையே. இங்ஙனம் எண்ணாக்கப்பட்ட ஒலியை வெட்டலாம், ஒட்டலாம், எத்துணை முறையும் தேய்வின்றிப் படியெடுக்கலாம். காந்த நாடாவிலோ படிக்குப் படி இரைச்சல் மிகும். ஆகவே, ஒலியை வாங்கி ஒழுங்குபடுத்தல் மிக்ஸரின் தொழில். அதனைக் காத்துத் திருத்தல் டேப்லெட்டின் தொழில் என்று பிரித்துக்கொள்ளின் பிணக்கு ஒழிந்தது.

இவ்விரண்டிற்கும் இடையே ஒரு பாலம் வேண்டும். அதுவே யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ் எனப்படுவது. மிக்ஸரின் இடம் வலம் என்னும் இரு வெளிவாயில்களை அதன் இரு லைன் உள்வாயில்களிற் கோத்து, அதனை டேப்லெட்டில் இணைத்தல் வேண்டும். 2010-இல் ஐபாட் வெளிவந்த காலத்திலேயே, நிழற்படக் கருவியை இணைத்தற்கென விற்கப்பட்ட சிறு இணைப்பின் வழியாகத் தனி மென்பொருள் வேண்டாத இன்டர்ஃபேஸ்கள் அதில் இயங்கின. ஆண்ட்ராய்டு வகையார்க்கு இவ்வசதி 2014-இல் வந்த 5.0-ஆம் பதிப்போடு பரவலாயிற்று. இன்டர்ஃபேஸ் கேட்கும் மின்சாரத்தை டேப்லெட் தரமாட்டாதாயின், தனி மின்னிணைப்புடைய ஹப் ஒன்றை இடையில் வைத்தல் போதும். பாலத்திற்குச் செலவிட மனமின்றி, டேப்லெட்டின் இயர்ஃபோன் துளையிலேயே மிக்ஸரைக் கோப்பாரும் உளர். அத்துளை பேசுவதற்குரிய ஒரு சிறு மைக்கை மட்டும் எதிர்நோக்குவது. மிக்ஸரின் வெளியொலியோ அதனினும் பன்மடங்கு வலிது. ஆதலின் ஒலி கிழிபடும். இடமும் வலமும் பிரியா.

ஈண்டு ஒரு தடை எழுப்புவர். மிக்ஸரில் எட்டு மைக்கு இருப்பினும் டேப்லெட்டுக்குச் செல்வன இரண்டு தடங்களே; ஒருமுறை கலந்தவற்றைப் பின்னர்ப் பிரித்தல் அரிதன்றோ என்பர். இஃது உண்மையே. ஆயின் இதற்கு வழியின்றில்லை. பாடுவோர் குரலை முற்றும் இடப்பக்கமும், இசைக்கருவியை முற்றும் வலப்பக்கமும் பான் திருகால் ஒதுக்கினால், இரண்டுந் தனித்தனியே பதியும். பின்னர் அவற்றைக் கேட்டுக்கொண்டே வேறிரண்டைச் சேர்க்கலாம். அப்பொழுது ஒன்று கருதுக. டேப்லெட் ஒலிக்கும் பழைய பதிவு, மிக்ஸரின் வழியே மீண்டும் டேப்லெட்டுக்குச் செல்லலாகாது. சென்றால், பழையது புதியதன்மேல் ஏறும்; சிலபொழுது ஊளையும் எழும். ஆதலின் பழைய பதிவை இன்டர்ஃபேஸின் தலையணிக் கேட்பொறி வாயிலாகவே கேட்டல் நன்று. பாடுவோர் தங்குரலை மிக்ஸரிலிருந்தே கேட்பாராயின் சிறிதுந் தாமதமிராது. டேப்லெட்டைச் சுற்றிவரும் குரலோ வினாடியின் நுண்கூறு ஒன்றேனும் பிந்தும், அப்பிந்துதல் வளரின் தாளம் தடுமாறும். இதுவும் மிக்ஸரால் ஆம் நன்மைகளுள் ஒன்று.

தடங்கள் சிலவாதல் குறையே எனினும், அக்குறையாற் கலை கெட்டதென்று சொல்லுதற்கில்லை. 1967-இல் வெளிவந்த பீட்டில்ஸ் குழுவினரின் 'சார்ஜண்ட் பெப்பர்' இசைத்தட்டு பெரும்பாலும் நான்கு தடப் பொறிகளிற் பதியப்பட்டது. தடங்கள் நிரம்பியவுடன் அவற்றைக் கலந்து வேறொரு பொறிக்கு மாற்றி இடம் உண்டாக்கிக்கொண்டனர். 1982-இல் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் வெளியிட்ட 'நெப்ராஸ்கா' அவர்தம் இல்லத்திலேயே, சிறு மிக்ஸரும் காஸெட் நாடாவும் ஒருங்கமைந்த டாஸ்காம் போர்டாஸ்டூடியோ என்னும் நான்கு தடப் பொறியிற் பதியப்பட்டது. அவர் பின்னர்க் குழுவோடு கூடிப் பதிந்து பார்த்தும், வீட்டிற் பதிந்ததே வெளியீட்டிற்கு உரியதாயிற்று. எது முன் நிற்கவேண்டும், எது பின் நிற்கவேண்டும் என்பதைப் பதியும்பொழுதே முடிவுசெய்யும் கட்டாயம் செவியைக் கூர்மையாக்கும். நூறு தடங்களிற் கொட்டிவைத்துவிட்டுப் பின்னர்த் திருத்திக்கொள்வோம் என்பார் பலர் திருத்தாமலே விடுதலை யாம் காண்கின்றோம்.

இப்பணியிற் புகுவார் சில காவல்களை மேற்கொள்ளல் வேண்டும். மிக்ஸரில் ஒலி அளவு சற்று மீறினால் சிதைவு மெல்லெனவே தோன்றும். எண்ணாக்கப்படும் ஒலியோ மேலெல்லையைத் தொட்டவுடன் வெட்டுண்டுவிடும். ஆகவே, உச்ச ஒலி அவ்வெல்லைக்கு ஏறக்குறைய 12 டெசிபெல் கீழே நிற்குமாறு வைத்தல் தகும். மிக்ஸரும் டேப்லெட்டின் சார்ஜரும் வெவ்வேறு மின்வாயிலிற் கோக்கப்படின் 50 அதிர்வு கொண்ட ரீங்காரம் புகுதலுண்டு. சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பேட்டரியிலேயே இயக்கினால் அது பெரும்பாலும் ஒழியும். ரீங்காரத்தை நீக்குதற்பொருட்டு மிக்ஸரின் எர்த் முனையை வெட்டிவிடுவார் சிலர். அஃது உயிர்க்கே கேடாம், ஒருபொழுதுஞ் செய்யற்க. திருகைத் திருப்பும்பொழுது கரகரப்புக் கேட்பின் உள்ளே தூசி படிந்ததென்று அறிந்து, அதற்குரிய துப்புரவு நீர்மத்தைத் தெளித்தல் வேண்டும். மின்வழங்கு பகுதியிலுள்ள கெப்பாசிட்டர்கள் ஆண்டு முதிர்ந்து வறண்டிருப்பின், தொழில் வல்லாரிடம் கொடுத்து மாற்றுவித்தல் வேண்டும்.

இத்துணையும் கூறியதுகொண்டு யாம் பழமைக்கே பரிந்து பேசுவதாக எவரும் எண்ணற்க. பழைய பொறியின் ஒலியில் ஒரு வெம்மையும் இனிமையும் உண்டென்று புகழ்ந்து, அதனைத் தெய்வமாக்குவாரும் உளர். சிறந்த கூடங்களுக்கென விலைமிகுந்த பகுதிகளாற் செய்யப்பட்ட பொறிகட்கு அது பொருந்துவதாகுக. நம்போல்வார் கைக்குக் கிட்டும் எளிய மிக்ஸர் தருவது வெம்மையன்று, சிறிது இரைச்சலே. மிக்ஸர் இல்லாதார் இதற்கெனப் புதிதாக ஒன்று வாங்குதலும் வேண்டா. 48 வோல்ட்டுந் தரும் இரு மைக்கு இன்டர்ஃபேஸ் ஒன்றே அவர்க்குப் போதும். இருப்பதை எறியற்க என்பதே யாம் வேண்டுவது. மொழியிற் காலத்தால் நேரும் மாற்றத்தைக் குற்றமாகக் கொள்ளவேண்டா என்று நன்னூலார் இசைவு தந்தாரேயன்றி, பழையதனைத்தும் வீசியெறியத்தக்கதென்று ஆணையிட்டாரல்லர். கருவிக்கும் அவ்விதி பொருந்தும்.

இனி, இதில் எமக்குள்ள அக்கறை யாதென்பதைக் கூறி முடிப்பாம். இந்திய மொழிகளின் ஆய்வுக்கென அரசினர் 1913 முதல் 1929 வரை கிராமபோன் தட்டுகளிற் பதிவித்த குரல்கள் இன்றும் பிரிட்டிஷ் நூலகத்திற் காக்கப்பட்டு வருகின்றன. அன்று அரசினரும் பெரு நிலையத்தாருமே செய்தற்குரியதாயிருந்த அப்பணியை, இன்று நாலைந்து மாணாக்கர் கூடி ஒரு வீட்டுத் திண்ணையிற் செய்யலாம். நடவுப் பாட்டில் ஒரு முதியவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றை மகளிர் ஏற்றுப் பாடுவர். முன்னவர்க்கு ஒரு மைக்கும் பின்னவர்க்கு ஒரு மைக்கும் வைத்து இடமும் வலமுமாகப் பதிந்தால், பிற்காலத்து ஆய்வாளர் இருவர் பாட்டையும் வேறுவேறாகக் கேட்டறியலாம். கைப்பேசியை நடுவே வைத்துப் பதிந்தால் ஆகாதோ எனின், பாட்டின் பொருளறிய அது போதும். வழக்காற்றின் ஒலியறியப் போதாது. பல கைப்பேசிகள் ஒலியைத் தாமே உயர்த்தியுந் தாழ்த்தியும் பதிவதோடு, இரைச்சலை நீக்குவதாகக் கருதி மெல்லிய மெய்யொலிகளையும் மழுக்கிவிடுதல் கூடும். அவ்வூரார் ழகரத்தை ழகரமாகவே ஒலித்தனரோ, ளகரமாக ஒலித்தனரோ என்பது தெளிவுறப் பதிந்த ஒலியினாலன்றி எழுத்தினால் விளங்காது.

ஆதலின், தமிழ் பயிலும் நண்பர்காள்! மூலையில் துணி மூடிக் கிடக்கும் மிக்ஸரைக் கல்லூரியாரிடமோ உற்றாரிடமோ கேட்டுப் பெறுங்கள். தூசி தட்டுங்கள், ஒரு டேப்லெட்டோடு கூட்டுங்கள். பாடுவோரின் இசைவைப் பெற்று, பெயரும் ஊரும் நாளும் குறித்து, முதற்பதிவைச் சுருக்காமலும் வெட்டாமலும் இரண்டிடங்களிற் காத்துவையுங்கள். பொறி பழுதாயின் வேறொன்று தேடிக்கொள்ளலாம். அப்பாட்டியர் மறைந்தபின் அக்குரலை எங்குந் தேடிப் பெறுதல் இயலாது. வரும் விடுமுறையிலேயே இதனைத் தொடங்குதல் நலம்.