வாயு நிரப்புவது மட்டும் பழுது நீக்கலாகாது

வேலூர், ஆம்பூர், குடியாத்தம் வட்டாரங்கள் தோல் பதனிடுதலுக்கும் நெசவுக்கும் பெயர் பெற்றவை. ஆயினும் அவற்றைச் சூழ்ந்த கிராமங்களில் பல குடும்பங்களின் அன்றாடச் செலவுக்குக் கைகொடுப்பது கறவை மாடே. தறியோடு ஒரு பசுவையும் பேணும் வீடுகள் உண்டு. அவ்வீடுகளின் பால் சங்கத்தின் குளிர்விப்புத் தொட்டியில் ஒன்றாகக் கலக்கின்றது. ஆகவே தொட்டி பழுதானால் நட்டம் ஒருவருடையதன்று, அனைவருடையதுமாகும்.

கறந்த பாலின் சூடு ஏறத்தாழ 37 டிகிரி. அச்சூட்டில் கிருமிகள் விரைந்து பெருகும். 4 டிகிரிக்குக் குளிர்வித்தால் அப்பெருக்கம் பெரிதும் தடைப்படும். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் நமது ஜில்லாவில் தாமதத்திற்கு இடமேது?

பால் குளிரவில்லையெனில், “காஸ் தீர்ந்துவிட்டது” என்று கூறி நிரப்பிச் செல்வது பல மெக்கானிக்குகளின் வழக்கம். இது தவறென்பது நமது துணிபு. விளக்கெண்ணெய் எரிந்து தீர்வதுபோல் இவ்வாயு தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள் அது சுற்றிச் சுற்றி வருவது. குறைந்ததெனில் எங்கோ கசிவு உண்டு என்பதே பொருள். கசிவை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதேயாகும்.

வாயுவைக் குறை கூறுமுன் பார்க்க வேண்டியவை சில உள. பாலிலிருந்து எடுத்த வெப்பத்தைக் கண்டென்சர் வெளிக்காற்றில் விடுகிறது. அதன் தகடுகளில் தூசி அடைத்தால் வெப்பம் வெளியேறாது. மின் அழுத்தம் குறைந்தால் கம்ப்ரசர் சூடேறி நின்றுவிடும். பாலைக் கலக்கும் துடுப்பு சுழலாவிடில் அடிப்பால் உறையும், மேற்பால் குளிராது. இம்மூன்றையும் சங்கப் பணியாளரே கண்டறியலாம்.

இவை சரியாயிருந்தும் பால் குளிரவில்லையெனில், பயிற்சி பெற்ற மெக்கானிக்கை அழைக்க வேண்டும். குழாய் இணைப்பில் எண்ணெய்க் கறை தென்பட்டால் அங்கே கசிவு இருக்கக்கூடும். சோப்பு நீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். இணைப்பைச் செப்பனிட்டு, உலர்ந்த நைட்ரஜனால் சோதித்து, குழாய்களிலுள்ள காற்றையும் ஈரத்தையும் நீக்கிய பின்னரே வாயுவை எடையிட்டு நிரப்புதல் முறை. சோதனைக்கு ஆக்ஸிஜனை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. அது எண்ணெயுடன் கூடி வெடிக்கும்.

பழைய இயந்திரங்களிலுள்ள ஆர்-22 வாயு ஓசோன் படலத்தைக் கெடுப்பது. மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி இந்தியாவில் 2030-ஐ எல்லையாகக் கொண்டு படிப்படியாக விலக்கப்பட்டு வருகிறது. ஆகவே கசியவிட்டு நிரப்புவது பணத்திற்கு மட்டுமன்றி உலகிற்கும் கேடாகும்.

முழுப் பழுது நீக்கலுக்குச் செலவு மிகுதி என்பர் சில நிர்வாகிகள். உண்மையே. ஆயினும் ஓராண்டில் மூன்று முறை நிரப்பிய கூலியையும் திரிந்த பாலின் விலையையும் கூட்டிப் பார்த்தால், எது சிக்கனம் என்பது விளங்கும்.

ஆகவே இரண்டு கூறுவோம். தொட்டியருகே ஒரு குறிப்பேடு வைத்து, காலையும் மாலையும் பாலின் வெப்பநிலை, குளிர எடுத்த நேரம், மின் அழுத்தம் மூன்றையும் எழுதுங்கள். கசிவு எங்கே இருந்தது, எவ்வாறு அடைக்கப்பட்டது, எவ்வளவு எடை நிரப்பப்பட்டது என்று குறிக்காத வாயுச் செலவுச் சீட்டை நிர்வாக சபை அங்கீகரிக்கலாகாது. தவறினால் அங்கத்தினர்கள் பொதுக்குழுவில் எழுந்து கேட்க வேண்டும். இயந்திரம் அவர்களுடையது, கேட்கும் உரிமையும் அவர்களுடையதே.