நேரலை வியாபாரத்தில் நாவே தராசு

முகநூல் நேரலையில் பிடவை விற்பது கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பகுதிகளில் இன்று புதினமான விடயமல்ல. ஒரு கைபேசியும் ஒரு விளக்கும் இருந்தால் கடை திறந்தாயிற்று. ஆனால் ஒரே வகைச் சாரியை ஒரே விலைக்கு விற்கும் இருவரில் ஒருவருக்கு ஓடர்கள் குவிகின்றன. மற்றவரிடம் பார்வையாளர்கள் தங்குவதே இல்லை. பல நேரலைகளை அவதானித்ததில், வித்தியாசம் பொருளில் அல்ல, பேச்சில்தான் என்பது எனது அபிப்பிராயம்.

முதலாவது, பெயர் சொல்லி அழைப்பது. "வாங்க ராத்தா, கட்டாரிலிருந்தா பார்க்கிறீங்க?" என்ற ஒரு வார்த்தை ஆயிரம் விளம்பரத்துக்குச் சமம். இலங்கை வானொலியின் பிறந்தநாள் வாழ்த்தில் தம் பெயர் வாசிக்கப்படுமா என்று காத்திருந்த நேயர்களுக்கு இந்த மகிழ்ச்சி புதியதல்ல.

இரண்டாவது, கேட்டவுடன் பதில். "விலை இன்பொக்ஸில்" என்றால் பேச்சு அறுந்துவிடுகிறது. ஒருவர் கேட்கும் விலை, கேட்கத் தயங்கும் பலரின் கேள்வியுமாகும்.

மூன்றாவது, குறையை மறைக்காமை. பார்ப்பவரால் துணியைத் தொட முடியாது; விற்பவரின் வார்த்தையே அவருக்கு விரல். "லைட்டில் நிறம் மங்கலாத் தெரியுது, நேரில் கடும் பச்சை. முதல் கழுவலில் சாயம் கொஞ்சம் போகும்" என்று சொல்பவரிடமே மறுமுறையும் வாங்குவார்கள்.

பேச்சால் உயர்ந்தவர் பேச்சாலேயே சரிவதும் உண்டு. சீனாவின் புகழ்பெற்ற நேரலை விற்பனையாளர் லீ ஜியாச்சி, 2023 செப்டெம்பரில் 79 யுவான் பெறுமதியான புருவப் பென்சில் ஒன்றை விற்றுக்கொண்டிருந்தார். விலை அதிகம் என்றார் ஒரு பார்வையாளர். சம்பளம் உயராதிருக்க நீங்கள் கடினமாக உழைத்தீர்களா என்ற தொனியில் அவர் பதிலளிக்க, பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் அவரைப் பின்தொடர்வதை நிறுத்தினர். கண்ணீருடன் மன்னிப்புக் கோர வேண்டியதாயிற்று.

எமது நேரலைகளில் என்னைக் கவலைப்படுத்துவது வேறொன்று. "இன்னும் மூன்றே மூன்றுதான், வல்லாஹி" என்று இன்று சொல்லிவிட்டு, நாளையும் அதே பெட்டியைத் திறப்பது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், வியாபாரத்தில் தவறாக வழிநடத்துவதைத் தடை செய்கிறது. அதை விடவும் பெரிது, எமது ஊர்கள் சிறியவை என்பது. ஏமாந்தவர் கல்யாண வீட்டில் வாய் திறந்தால் போதும். வீட்டிலிருந்து நேர்மையாக விற்கும் பெண்களின் வருமானத்திலும் மண் விழும். "லைவில் வாங்காதீங்க" என்ற பேச்சு ஆள் பார்த்துப் பரவுவதில்லை.

எனவே நேரலைக்கு முன் விலை, நீளம், குறை, அனுப்பும் செலவு, மாற்றித் தரும் நிபந்தனை ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். சத்தம் கூட்டத்தைச் சேர்க்கும். சொன்ன சொல்தான் வாடிக்கையாளரைச் சேர்க்கும்.