ஹலோ... லைன்ல இருக்கீங்களா?

தோற்றுப்போன டீமின் ரசிகனுக்கு மூன்று வழிகள்தான் உண்டு. மனைவியிடம் எரிந்து விழலாம். பேசாமல் போர்த்திக்கொண்டு தூங்கலாம். அல்லது ரேடியோ ஸ்டேஷனுக்கு டெலிபோன் போட்டு, கோச்சுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுக்கலாம். மூன்றாவது வழிதான் குடும்பத்துக்கு நல்லது. அதை ஒரு முழுநேர வியாபாரமாகவே ஆக்கிக் காட்டிய ஊர் நியூயார்க்.

1987 ஜூலை 1-ம் தேதி அங்கே டபிள்யூ.எஃப்.ஏ.என். என்றொரு ஸ்டேஷன் ஆரம்பமானது. பாட்டு கிடையாது, நாடகம் கிடையாது. இருபத்துநாலு மணி நேரமும் விளையாட்டுப் பேச்சு மட்டும்தான். 'ராத்திரி மூணு மணிக்கு எவன்யா முழிச்சுக்கிட்டு பேஸ்பால் பேசப்போறான்?' என்று சிரித்தவர்கள் நிறைய. பேசினான். இன்றைக்கும் பேசிக்கொண்டே இருக்கிறான்.

பி.காம். படித்த பாவத்துக்கு இதன் வரவு செலவைக் கொஞ்சம் பார்த்துவிடுகிறேன். நாடகம் போட்டால் நடிகருக்குச் சம்பளம் தரவேண்டும். இந்த வியாபாரத்தில் கச்சாப்பொருள் ரசிகனின் கோபம். அது இலவசம். டெலிபோன் செலவுகூட அவனுடையதுதான். டீம் ஜெயித்தால் உற்பத்தி சுமார், தோற்றால் ஓவர்டைம். கேட்பவர்களில் பெரும்பாலோர் மாதச் சம்பளம் வாங்கும் ஆண்கள், அதாவது பியர் கம்பெனியும் கார் கம்பெனியும் வலை வீசித் தேடுகிற ஜாதி. காரில் டெலிபோன் வந்ததும் இன்னும் விசேஷம். ஆபீஸ் விட்டு டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டவன் ஹாரன் அடிப்பதற்குப் பதில் போன் அடித்தான்.

நீங்கள் டயல் செய்ததும் எடுத்த எடுப்பில் ஹீரோ பேசிவிட மாட்டார். முதலில் ஒரு உதவியாளர். பெயர் என்ன, எந்த ஊர், என்ன விஷயம்? அது உள்ளே கம்ப்யூட்டர் திரையில் ஒற்றை வரியாகத் தெரியும்: டோனி, புரூக்ளின், பந்து வீசுபவரை மாத்தணும். அப்புறம் காத்திருக்க வேண்டும். அரை மணி ஆகலாம், ஒரு மணியும் ஆகலாம். நடுவில் இன்னொருவன் உங்கள் பாயின்ட்டையே சொல்லிவிட்டால் உங்கள் கதை கந்தல்.

நீங்கள் பேசுவது சில செகண்ட், வழக்கமாக ஏழு செகண்ட், தாமதமாகத்தான் ஊருக்குக் கேட்கும். கெட்ட வார்த்தை வந்தால் வெட்டி எறிய ஒரு பட்டன் இருக்கிறது. (வீட்டில் வைத்துக்கொள்ள ஒன்று கிடைக்குமா என்று கேட்டு எனக்கு எழுதாதீர்கள்.)

லைன் கிடைத்தவுடன் சொல்ல ஒரு மந்திரம் உண்டு. 'ரொம்ப நாளா கேக்கறேன், போன் பண்றது இதான் முதல் தடவை!' கொஞ்சம் யோசித்தால் இது பாவமான வாக்கியம். நாள் பூரா ஃபைல் தள்ளுகிறவனிடம் மேனேஜர் அபிப்பிராயம் கேட்பதில்லை. வீட்டிலும் கேட்பதில்லை. இங்கே ஒருத்தர் அவன் பெயரையும் ஊரையும் சொல்லி, 'சொல்லுங்க டோனி' என்கிறார். அந்த நாற்பது செகண்டுக்காகத்தான் ஒரு மணி நேரக் காத்திருப்பு.

இந்தக் கலையில் பெரிய பெயர் வாங்கிய ஜோடி மைக் ஃபிரான்சேஸா, கிறிஸ் ரூஸோ. 1989-லிருந்து 2008 வரை மத்தியானமெல்லாம் இவர்கள் ராஜ்யம்தான். ரூஸோவுக்குப் பட்டப்பெயர் 'மேட் டாக்', நம் பாஷையில் வெறிநாய். குரலும் வேகமும் பெயருக்கு மோசம் செய்யவில்லை. ஃபிரான்சேஸா எதிர்க்கட்டி: எல்லாம் தெரிந்த பெரியப்பா தோரணை. நேயர் தப்பாகச் சொன்னால் மழுப்பமாட்டார்கள். 'நீங்க சொல்றது தப்பு. ஏன்னா...' என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஆச்சரியம், திட்டு வாங்கியவனே அடுத்த வாரம் மறுபடி போன் செய்வான். தலையாட்டி அனுப்பிவிடுவதைவிட உட்கார வைத்துச் சண்டை போடுவதும் ஒரு மரியாதைதானே?

பெரியப்பாவுக்கும் சறுக்கல் உண்டு. தனியாக நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்த 2012-ல், நிருபர் ஒருவர் போனில் செய்தி சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஃபிரான்சேஸாவின் கண்கள் மூடின, தலை சாய்ந்தது. வெறும் ரேடியோவாக இருந்தால் ஆழ்ந்த சிந்தனை என்று தப்பித்திருக்கலாம். நிகழ்ச்சி டி.வி.யிலும் ஓடிக்கொண்டிருந்தது. 'நான் தூங்கலை' என்று மறுத்தார். பார்த்தவர்கள் அவரவர் வீட்டுப் பெரியவர்களை நினைத்துக்கொண்டார்கள்.

இதே நாற்காலியைக் கவர்னர் ஒருவர் ஆசைப்பட்ட கதை தெரியுமா? நியூஜெர்ஸி கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி. 2017 ஜூலையில், பதவியில் இருக்கும்போதே, இதே ஸ்டேஷனில் வெள்ளோட்டமாக உட்கார்ந்து பார்த்தார். அதற்குச் சில நாள் முன்புதான் அரசாங்கப் பணம் முடங்கி, பொதுமக்களுக்கு மூடிய கடற்கரையில் அவர் குடும்பத்தோடு ஜாலியாக உட்கார்ந்திருந்த போட்டோ வெளியாகி நாறியிருந்தது. மான்ட்கிளேர் என்ற ஊரிலிருந்து ஒரு நேயர் லைனில் வந்து, உடம்பின் சுற்றளவையும் குறிப்பிட்டு, பீச்சைவிட்டு எழுந்து போகச் சொன்னார். கவர்னரும் விடவில்லை, மான்ட்கிளேர் கம்யூனிஸ்ட்டுகள் போன் செய்தால் தனக்குக் கொள்ளை ஆனந்தம் என்று பதிலடி கொடுத்தார். கவர்னரோடு நேருக்கு நேர் மோதல், ஒரு போன் காலில் கிடைத்துவிட்டது. வேலை மட்டும் கவர்னருக்குக் கிடைக்கவில்லை.

கவர்னருக்குக் கிடைக்காதது ஒரு நேயருக்குக் கிடைத்திருக்கிறது. 'சாடில் ரிவர் ஜோ' என்று ஓயாமல் போன் செய்துகொண்டிருந்தவர் ஜோ பெனிக்னோ. 1995-ல் ராத்திரி நிகழ்ச்சியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். 2020 வரை அங்கேயே பேசி ரிடையர் ஆனார். ஆக, அந்தப் பக்கத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு டெலிபோன் ஒயர்தான்.

இதுவரை எல்லாம் சுபம். ஆனால் இந்த வியாபாரத்தில் மூன்றாவதாக ஒரு ஆசாமி இருக்கிறார். கேட்பவர் ஒருத்தர், பேசுபவர் ஒருத்தர், பேசப்படுபவர் ஒருத்தர். கேட்சை விட்டவர், பெனால்ட்டி கொடுத்தவர். அவருக்கு மட்டும் லைன் கிடையாது.

ஒரு தடவை அந்த மூன்றாவது ஆசாமி நேரிலேயே வந்துவிட்டார். சான் டியாகோ ரேடியோவில் பெயர் வாங்கியவர் ஜிம் ரோம். இவர் கடையில் நன்றாகப் பேசும் நேயருக்குப் பாராட்டு. சொதப்பினால் பஸ்ஸரை அடித்து லைன் கட். 1995-லிருந்து வருஷத்துக்கு ஒருமுறை நேயர்களுக்குள் வாய்ச்சண்டைப் போட்டியே நடத்த ஆரம்பித்தவர். ஜிம் எவரெட் என்று ஒரு அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டக்காரர். எதிராளி கை வைப்பதற்கு முன்பே தரையில் விழுந்துவிட்டார் என்று ஒரு பழைய ஏளனம் அவர்மேல் உண்டு. ரோம் அவரை டென்னிஸ் வீராங்கனை கிறிஸ் எவர்ட்டின் நினைவாக 'கிறிஸ்' என்றே கிண்டலடித்து வந்தார். 1994 ஏப்ரலில், ரோம் நடத்திய ஒரு டி.வி. நிகழ்ச்சிக்கு எவரெட் விருந்தாளியாக வந்தார். ரோம் முகத்துக்கு நேரே 'கிறிஸ்' என்றார். இன்னொரு தடவை சொல்லிப் பார் என்கிற அர்த்தத்தில் எவரெட் எச்சரித்தார். ரோம் சொன்னார். அடுத்த நிமிஷம் மேஜை கவிழ்ந்தது, ரோம் தரையில் கிடந்தார். அடித்தது சரி என்று சொல்லவில்லை. ஆனால் பல வருஷம் லைன் கிடைக்காமல் காத்திருந்த ஒரு காலர் அவர் என்று தோன்றுகிறது.

இங்கிலாந்தில் விவகாரம் இன்னும் தீவிரம். பி.பி.சி.யின் '606' என்ற நிகழ்ச்சி 1991-ல் ஆரம்பம். சாயந்திரம் ஆறு மணி ஆறு நிமிஷத்துக்கு வந்ததால் அந்தப் பெயர். ஃபுட்பால் மேட்ச் முடிந்து ரசிகன் வீடு போய்க்கொண்டிருக்கும் நேரம். ரத்தம் சூடாகவே இருக்கும். முதலில் நடத்தியவர் டேனி பேக்கர், கலகலப்பான மனிதர். 1997 பிப்ரவரியில் செல்ஸீ - லெஸ்டர் கோப்பைப் பந்தயத்தில் ரெஃப்ரீ ஒரு பெனால்ட்டி கொடுத்தார். அந்த ஒரு கோலில் செல்ஸீ ஜெயித்தது. பேக்கர் மைக்கில் ரெஃப்ரீயைக் கிழித்த கிழியில், ரசிகர்களைத் தூண்டிவிட்டார் என்று பி.பி.சி. அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. நேயர் கொதித்தால் ஏழு செகண்ட் பட்டன் இருக்கிறது. பட்டனுக்குப் பக்கத்தில் இருப்பவரே கொதித்தால்?

அதே பி.பி.சி.யில் இன்னொரு மாடல் 1957-லிருந்தே இருக்கிறது. கிரிக்கெட் வர்ணனை, 'டெஸ்ட் மேட்ச் ஸ்பெஷல்'. மழை வந்து ஆட்டம் நின்றால் இவர்கள் பாட்டுப் போட்டுவிட்டுப் போகமாட்டார்கள். நேயர் கடிதங்களைப் பிரித்து வைத்துக்கொண்டு அரட்டை. பிரையன் ஜான்ஸ்டன் (1994-ல் காலமானார்) இதில் மன்னன். எந்த வருஷம் எந்த மைதானத்தில் என்று விபரீதமாகக் கேள்வி வந்தால், 1966-லிருந்து 2009-ல் இறக்கும்வரை ஸ்கோரராக இருந்த பில் ஃபிரிண்டால் நோட்டைப் புரட்டிப் பதில் சொல்வார். பதிலுக்கு நேயர்கள் கேக் அனுப்புவார்கள். 2001-ல் லார்ட்ஸ் மைதானத்துக்கு வந்த எலிஸபெத் மகாராணியே ஒரு ஃபுரூட் கேக் கொண்டுவந்தார். நீங்களே செய்ததா என்று வர்ணனையாளர் ஜானதன் ஆக்னியூ கேட்க, செய்தது நானில்லை, மேற்பார்வை பார்த்தேன் என்கிற மாதிரி பதில் வந்தது. எல்லா வீட்டு மாமியாரும் சொல்கிற பதில்தான்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? இங்கிலீஷ்காரன் பரம சாது, அமெரிக்கன் முரடன் என்பதெல்லாம் இல்லை. '606'-ல் கத்தியவனும் இங்கிலீஷ்காரன்தான். தபால்தான் வித்தியாசம். கோபத்தைக் கடிதமாக எழுதி, மடித்து, ஸ்டாம்ப் ஒட்டி, பெட்டியில் போட்டு, அது போய்ச் சேருவதற்குள் பாதி ஆறிவிடும். டெலிபோனில் அப்படியே ஆவி பறக்க வந்து விழுகிறது. ஆகவே தபால்காரர் செய்த வேலையை இப்போது மைக் வைத்திருப்பவர் செய்யவேண்டியிருக்கிறது. நல்ல நிகழ்ச்சிக்காரர் யார் என்பதற்கு என் அளவுகோல் இதுதான். நேயரிடம் 'ஆமாம் ஸார், கரெக்ட் ஸார்' என்கிறவரில்லை, லைனை வெட்டுகிறவருமில்லை. 'அந்த வெயில்ல, அந்த ஒரு செகண்ட்ல, அவர் வேற என்ன பண்ணியிருக்க முடியும்?' என்று, லைனில் இல்லாதவருக்காக ஒரு வார்த்தை கேட்கிறவர்.

நேயருக்கும் ஒரு சின்ன டெஸ்ட் உண்டு. சம்பந்தப்பட்ட ஆட்டக்காரரே இப்போது லைனில் இருந்தால் இதை இதே வார்த்தையில் சொல்வேனா? ஆமாம் என்றால் தாராளமாக டயல் செய்யலாம். மனைவியிடம் எரிந்து விழுகிற முதல் வழிக்காரர்களுக்கும் இந்த டெஸ்ட் பொருந்தும். அவர்கள் விஷயத்தில் சம்பந்தப்பட்டவர் எப்போதும் லைனில்தான் இருக்கிறார். ஏழு செகண்ட் தாமதமும் கிடையாது.