சேமிப்புக்கு இணைத்தொகை: காசிமேட்டின் படிப்பினை

விவசாயிக்கு அறுவடைக் காலமும் வறட்சிக் காலமும் உள்ளதுபோல் மீனவருக்கும் உண்டு. சென்னைத் தண்டையார்பேட்டையை அடுத்த காசிமேடு துறைமுகத்திலிருந்து வருஷந்தோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது. மீன்கள் இனவிருத்தி செய்யும் பொருட்டு விதிக்கப்பட்ட இத்தடை அவசியமானதே. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் புயலும் தொழிலை நிறுத்திவிடும். அந்நாட்களில் கூலிக்குக் கடலேறும் குடும்பங்களுக்குக் கடனே கதியாகிறது.

இதற்குப் பரிகாரமாக ஏற்பட்டதே மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டம். 2020-ல் ஆரம்பமான பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்திலும் இவ்வேற்பாடு இடம்பெற்றது. மீனவர் தம் பங்காக ரூ.1,500 செலுத்தினால், மத்திய, மாநில சர்க்கார்கள் ரூ.3,000 சேர்க்கும். ஆக ரூ.4,500 மூன்று மாத ஜீவனத்துக்கு உதவும்.

இலவச உதவியினும் இது மேலானதென்பதில் ஐயமில்லை. தம் பொருளும் அதில் கலந்திருப்பதால் மீனவர் அதனைப் பிச்சையாக அன்றி, உரிமையாகவே கேட்கலாம். ஆயினும் மாதம் ரூ.1,500 என்பது நாளொன்றுக்கு ரூ.50 மாத்திரமே. அதுவும் காலந்தாழ்ந்து கிடைக்குமாயின், ஆடிப்பட்டம் தவறிய விதைக்கு ஒப்பாகும். வட்டிக்கடன் அதற்குள் முந்திக்கொள்ளும். பங்குத் தொகையைச் செலுத்த இயலாத பரம ஏழையோ இணைத்தொகையையும் சேர்த்து இழக்கிறான்.

இணைத்தொகை ஒன்றே வறுமையை நீக்கிவிடுமென்று நம்புதலும் தவறு. அமெரிக்காவின் டல்சா நகரில் 1990-களின் இறுதியில் ஏழைகளின் சேமிப்புக்கு இணைத்தொகை அளித்துச் சோதித்தனர். பத்தாண்டு கழித்து ஆராய்ந்தபோது, சொந்த வீடு உடையோர் தொகையில் அவர்களுக்கும் ஏனையோருக்கும் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. ஆகவே, பஞ்ச மாதங்களில் கடனைத் தடுப்பதே இத்தகைய சேமிப்பின் முதற்பயனாகக் கொள்ளத்தக்கது.

விவசாயிகளுக்கும் இதில் பாடமுண்டு. 2019-ல் ஏற்பட்ட பிரதம மந்திரி கிசான் மாந்தன் ஓய்வூதியத் திட்டத்தில், 2 ஹெக்டேர் வரை நிலமுள்ள 18 முதல் 40 வயதினர் மாதம் ரூ.55 முதல் ரூ.200 வரை செலுத்தினால், மத்திய சர்க்காரும் சமதொகை செலுத்தும். 60 வயதுக்குமேல் மாதம் ரூ.3,000 கிட்டும். தவணையை பி.எம். கிசான் உதவித்தொகையிலிருந்தே கழித்துக்கொள்ள இடமளித்திருப்பது சிறந்த முறை. கையில் பணம் வரும் வேளையில் பிடிப்பதே சேமிப்பு. இல்லாத வேளையில் கேட்பது பாரம்.

கிராம உத்தியோகஸ்தர்கள் பெயரைப் பதிவு செய்வதோடு கடமை முடிந்ததாகக் கருதலாகாது. தவணை தவறுவோர் யார், எக்காரணத்தால் என்பதை விசாரித்தறிந்து உதவுதல் வேண்டும். மிராசுதார்களும் தம் நிலத்தில் உழைப்போருக்கு அறுவடைக் கூலியை உரிய நாளில் கொடுத்தால், அவர்களும் சேமிக்க வழி பிறக்கும்.