திரைக்கதை எழுத முதலில் வாங்க வேண்டியது சாஃப்ட்வேர் அல்ல

சினிமாவுக்கு எழுதுவது என்று முடிவெடுத்தவர்களில் பலர் முதல் வாரத்தில் கதையை யோசிப்பதில்லை. "எந்த சாஃப்ட்வேர் நல்லது?" என்று தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். ஃபைனல் டிராஃப்ட் இருந்தால்தான் ஹாலிவுட் தரத்தில் எழுத வரும் என்று ஒரு நம்பிக்கை. காசு இல்லாதவர் திருட்டுப் பிரதியைத் தேடுவார். காசு இருப்பவர் வாங்கி வைத்துவிட்டு, முதல் காட்சியின் தலைப்போடு நின்றுவிடுவார்.

இன்னொரு கட்சி இருக்கிறது. "ஃபார்மேட் எல்லாம் சும்மா பம்மாத்து, கதை நன்றாக இருந்தால் போதும்" என்பார்கள். இரண்டு கட்சியும் பாதிதான் சரி.

ஃபார்மேட் எதற்கு?

அமெரிக்கத் திரைக்கதை வடிவம் டைப்ரைட்டர் காலத்துச் சொத்து. 12 புள்ளி கூரியர் எழுத்தில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம், அங்குலத்துக்கு 10 எழுத்து. இடது ஓரத்தில் ஒன்றரை அங்குலம் விடுவது அழகுக்காக இல்லை, துளை போட்டுப் பித்தளை ஆணி மாட்டுவதற்காக. இப்படி எல்லாம் ஒரே அளவில் இருப்பதால்தான் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்ற கணக்கு வந்தது. 110 பக்கம் என்றால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான படம். இது சராசரிதான், சட்டம் இல்லை. 'தி சோஷியல் நெட்வொர்க்' (2010) திரைக்கதை 160 பக்கத்தைத் தாண்டியது, படமோ இரண்டு மணி நேரம்தான். அதில் அவ்வளவு வேகமாகப் பேசுகிறார்கள்!

காட்சித் தலைப்பும் அப்படித்தான். உள்ளா வெளியா, எந்த இடம், பகலா இரவா என்ற மூன்றும் பணம் சம்பந்தப்பட்டவை. உதவி இயக்குநர் பக்கத்தை எட்டு பாகமாகப் பிரித்து, ஒரே இடத்துக் காட்சிகளைச் சேர்த்துத்தான் படப்பிடிப்பு நாட்களைப் போடுகிறார். ஒரே வீட்டை ஒரு காட்சியில் "ராஜு வீடு" என்றும் இன்னொன்றில் "மாடி வீடு" என்றும் எழுதினால், அது இரண்டு லொகேஷனாகிவிடும். ஆக ஃபார்மேட் என்பது எழுதுபவர் மற்றவர்களுக்குச் செய்கிற மரியாதை.

புதியவருக்கு இவ்வளவு போதும்:

1. நிகழ்காலத்தில், கண்ணுக்குத் தெரிவதையும் காதில் விழுவதையும் மட்டும் எழுதுவது. "அவன் பழைய காதலை நினைத்தான்" என்பதை எந்தக் கேமராவாலும் எடுக்க முடியாது.

2. ஒரு இடத்துக்கும் ஒரு பாத்திரத்துக்கும் கடைசி வரை ஒரே பெயர்.

3. வசனத்துக்கு நடுவே அடைப்புக்குறிக்குள் (கோபமாக), (சோகமாக) என்று போடுவதைக் குறைப்பது. வசனமே அதைச் சொல்ல வேண்டும்.

4. கேமரா கோணமும் காட்சி எண்ணும் இப்போது வேண்டாம். எண் போடுவது படப்பிடிப்புக்குத் தயாராகும்போது நடக்கிற வேலை.

இதைக் கற்க ஒரு மதியம் போதும். படமான நான்கு திரைக்கதைகளைப் படித்தால் மனதில் பதிந்துவிடும்.

சாஃப்ட்வேர் என்ன செய்யும்?

டேப், என்டர் அழுத்தினால் பெயரையும் வசனத்தையும் அதனதன் இடத்தில் வைக்கும். பக்கங்களைப் பூட்டுவது, திருத்தங்களுக்கு வண்ணம் கொடுப்பது எல்லாம் தயாரிப்பு தொடங்கிய பிறகு உதவும். முதல் கதையை முடிக்காதவருக்கு அவை எதற்கு? 'ஃபாரஸ்ட் கம்ப்' திரைக்கதைக்கு ஆஸ்கர் வாங்கிய எரிக் ராத், டாஸ் காலத்து 'மூவி மாஸ்டர்' நிரலில் எழுதுகிறவர். 40 பக்கம் ஆனால் அதில் இடம் தீர்ந்துவிடும்!

உண்மையான ஆபத்து வேறு. உழைப்பெல்லாம் ஒரு கம்பெனியின் கோப்பு வடிவத்துக்குள் மாட்டிக்கொள்வது. அடோபி ஸ்டோரி 2019 ஜனவரியில் மூடப்பட்டது. இலவசமாகத் தரவிறக்கிக்கொள்ள முடிந்த செல்டெக்ஸ், சந்தா சேவையாக மாறியது. வெறும் உரையாகவே எழுத வழி செய்கிற ஃபவுன்டன் முறை 2012இல் வந்தது. அதில் எழுதிய கோப்பை நோட்பேடில்கூடத் திறக்கலாம். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு விண்டோஸ், லினக்ஸில் ட்ரெல்பியும் மேக்கில் பீட்டும் இலவசம்.

தமிழில் எழுதுபவருக்கு?

கூரியரில் தமிழ் எழுத்து கிடையாது. தமிழில் 'ர'வும் 'ணை'யும் ஒரே அகலமும் இல்லை. எனவே பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கை அப்படியே நம்பினால் ஏமாற்றம்தான். கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்துப் பார்ப்பதே சரியான அளவு. பக்கத்தை இரண்டாகப் பிரித்து இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் வசனம் என்று எழுதும் பழைய வழக்கமும் தாழ்ந்ததில்லை. படிக்கப் போகிறவருக்கு அது பழக்கமென்றால் அதுதான் சரியான ஃபார்மேட்.

ஃபைனல் டிராஃப்ட் முழுமையான யூனிகோடுக்கு வந்ததே 2018இல், பதினோராம் பதிப்பில்தான். ஃபவுன்டனிலும் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. பாத்திரப் பெயரைப் பெரிய எழுத்தை வைத்துத்தான் அது கண்டுபிடிக்கும். தமிழில் பெரிய எழுத்து ஏது? பெயருக்கு முன் @ குறியும், காட்சித் தலைப்புக்கு முன் ஒரு புள்ளியும் வைத்தால் புரிந்துகொள்ளும்.

ஆக முதல் திரைக்கதைக்கு இலவசக் கருவி போதும். எழுதியதை வெறும் உரையாக ஒன்று, பி.டி.எஃப். ஆக ஒன்று என இரண்டு இடத்தில் சேமித்தால் எந்தக் கம்பெனி மூடினாலும் கவலையில்லை. ஃபைனல் டிராஃப்ட் கோப்புதான் வேண்டும் என்று ஒரு தயாரிப்பாளர் கேட்கும் நாளில் வாங்கிக்கொள்ளலாம். அதற்குள் அட்வான்ஸும் கைக்கு வந்திருக்கும் :)