கறிவேப்பிலைக்கு யார் உறவு?

பதினொன்றாம் வகுப்பு படிக்கும் பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். தாவரவியல் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "இதை எதுக்கு தாத்தா மனப்பாடம் பண்ணணும்? அவங்களே பேரை மாத்திக்கிட்டே இருக்காங்க" என்றாள். மகனும் ஆமாம் போட்டான். எனக்கு அதில் உடன்பாடில்லை.

1970களில் கல்லூரியில் எங்களுக்கு வேதம் பெந்தாம், ஹூக்கர் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் 1862 முதல் 1883 வரை எழுதிய பட்டியல்தான். அதில் வேம்பும் கறிவேப்பிலையும் ஜெரானியேல்ஸ் வரிசை; மாவும் பூவந்திக்கொட்டையும் சாப்பிண்டேல்ஸ் என்ற வேறு வரிசை. உருப்போட்டு எழுதினோம், மறந்தோம். 1998-ல் மரபணுக்களை ஒப்பிட்டு ஏ.பி.ஜி. என்ற குழு புதுப் பட்டியல் வெளியிட்டது. இப்போது நான்கும் சாப்பிண்டேல்ஸ். பூவந்திக்கொட்டையின் பெயர்தான் அந்த வரிசைக்கே.

பேத்தியைக் கொல்லைக்கு அழைத்துப் போனேன். கறிவேப்பிலை, எலுமிச்சை, வில்வம் மூன்றிலும் ஒவ்வோர் இலை பறித்து வெயிலில் பிடிக்கச் சொன்னேன். ஊசியால் குத்தினாற்போல் ஒளிப்புள்ளிகள்! எண்ணெய்ச் சுரப்பிகள் அவை, வாசனை அங்கிருந்துதான். எலுமிச்சை இலைக் காம்பில் ஒரு கணு இருக்கும், அறுபது வருடமாகப் பறித்தும் பலர் பார்த்திருக்க மாட்டோம். வேம்பைப் போலப் பல சிற்றிலைகள் இருந்த கூட்டிலையில் ஒன்று மட்டும் மிஞ்சியதற்கு அடையாளம் அது. வேலியோரத்து ஒதியமரமும் இதே வரிசை. குடும்பத்தில் அது மாவுக்குப் பங்காளி. உத்திரத்துக்கு ஆகாது என்று பழமொழியில் திட்டு வாங்கும் மரத்துக்கு இப்படி ஓர் உறவு!

கறிவேப்பிலை என்று அன்றே பெயர் வைத்தானே தமிழன் என்று மீசையை முறுக்க வேண்டாம். மலைவேம்பு வேம்புக்கு உண்மையிலேயே சொந்தம். நிலவேம்போ கசப்பால் மட்டும் அந்தப் பெயர் பெற்றது. அதன் வரிசையில் இருப்பது துளசி. கண்ணும் நாக்கும் சில சமயம் சரியாகச் சொல்லும், சில சமயம் ஏமாற்றும். திருத்தத்தான் வேண்டும்.

பேர் மாற்றம் சில நேரம் எரிச்சல்தான், ஒப்புக்கொள்கிறேன். 1768-ல் நம் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்த கோனிக், லின்னேயஸின் மாணவர். அவர் நினைவாக 1771-ல் லின்னேயஸ் கறிவேப்பிலைக்கு பெர்கெரா கோனிகி என்று பெயர் வைத்தார். பிறகு முர்ராயா ஆக்கினார்கள். நான் படித்தது அதுதான். இப்போது மறுபடி பெர்கெரா. ஆனாலும் தப்பென்று தெரிந்தும் பழையதையே சொல்லிக் கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல். பெயர்ப் பட்டியலை மட்டும் கொடுத்து இலையைக் கையில் கொடுக்காத பாடத்தின் மேல்தான் எனக்குக் கோபம்.

அதற்கும் கொல்லை வேண்டுமே. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் பின்பக்கம் சிமெண்ட் தளம் ஆகிவிட்டது. கார் நிறுத்த ஒதியமரத்தை வெட்டலாம் என்று மகன் சொல்லிக்கொண்டிருந்தான். இந்த முறை, "அது மாமரத்துக்குச் சொந்தம்பா" என்று பேத்தி குறுக்கே புகுந்தாள். பேச்சு அதோடு நிற்கிறது.